வேடந்தாங்கல் வானத்தில் டிராஃபிக் ஜாம் இல்லை!

மாமல்லபுரம் போகிற எல்லாரும் அர்ஜுனன் தபசு முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்கிறோம். யானைக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி இன்னொரு படம். அடுத்த முறை போகும்போது, படம் எடுத்து முடித்ததும் அந்தப் பாறையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பதை.

ஏறக்குறைய 90 அடி நீளப் பாறை அது. நடுவில் ஒரு பிளவு. வலது பக்கத்திலிருந்து யானைகள் வருகின்றன, குட்டிகளோடு. இரண்டு பக்கமும் மேலே தேவர்கள் பறந்து வருகிறார்கள். கீழே மான்கள், சிங்கங்கள், முனிவர்கள், குள்ளமான பூதகணங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். பெரும்பாலானவை அந்தப் பிளவை நோக்கியே நகர்கின்றன. உடம்பு வேறு, வேகம் வேறு, திசை மட்டும் ஒன்று.

கல்லில் இது நடக்கும், சிற்பி சொன்னபடி எல்லாரும் கேட்பார்கள். ஆனால் உயிரோடு இருக்கிற ஒரு கலவையான கூட்டம், மேலே இருந்து யாரும் கட்டளை போடாமலே, எப்படி ஒரே திசையில் போகிறது? ஒருவரை ஒருவர் இடிக்காமல் எப்படி நகர்கிறது? எப்போது அது முடியாமல் போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி இயற்பியலாளர்கள் முப்பது வருடங்களுக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு அது தினசரி வாழ்க்கைக் கேள்வி. ஒரு பக்கம் வேடந்தாங்கல் ஏரி. இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடும் ஈ.சி.ஆரும். இரண்டு இடத்திலும் நடப்பது கலப்புக் கூட்டத்தின் நடமாட்டம்தான்.

ஏரிக்கு மேலே ஒரு ஷிஃப்ட் மாறும் நேரம்

வேடந்தாங்கல் ஏரி ஒன்றும் பிரமாண்டமானது இல்லை, சுமார் 30 ஹெக்டேர்தான். சீசனில் ஆயிரக்கணக்கான பறவைகள் அதற்குள்தான் குடித்தனம் நடத்துகின்றன. தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. ஊர்க்காரர்கள் பல தலைமுறைகளாக இந்தப் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். பறவைகளைச் சுடுகிறார்கள் என்று அவர்கள் புகார் சொன்னதன் பேரில், 1798-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார் என்பது வரலாறு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். அந்தக் கணக்கு விவசாயிகளுக்கு வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே தெரியும். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

பறவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையைத்தான் பார்ப்பார்கள். ஆனால் சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் பார்க்க வேண்டியது வானத்தை.

மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் நத்தைகுத்தி நாரைகள் சிறகை அசைக்காமல் சறுக்கிக்கொண்டு வருகின்றன. அவற்றுக்குக் கீழே அரிவாள் மூக்கன்கள் நீண்ட கோடு போட்டுக்கொண்டு வருகின்றன. நீர்க்காகங்களுக்கு இந்தச் சொகுசெல்லாம் கிடையாது. விடாமல் படபடவென்று அடித்துக்கொண்டு, லேட்டாகிவிட்ட ஆபீஸ்காரர் மாதிரி தாழ்வாகப் பறந்து வரும். வெள்ளைக்கொக்குகள் சின்னச் சின்னக் கூட்டமாக. நடுவில் சரக்குக் கப்பல் போல ஒரு கூழைக்கடா. எல்லாம் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்துவிட்டு வீடு திரும்புகிறவை.

அதே நேரத்தில் எதிர்த் திசையில் ஒரு போக்குவரத்து தொடங்குகிறது. வக்கா என்று சொல்லும் இராக்கொக்குக்கு இரவுதான் வேலை நேரம். பகலெல்லாம் கிளையில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தூங்கி வழிந்த வக்காக்கள், மற்றவர்கள் வீட்டுக்கு வருகிற நேரம் பார்த்து ஒவ்வொன்றாகக் கிளம்புகின்றன. சிறுசேரி ஐ.டி. கம்பெனி வாசலில் நைட் ஷிஃப்ட் கேப் வருகிற நேரத்தில் டே ஷிஃப்ட் ஆட்கள் வெளியே வருவது போல. உள்ளே வருகிற கூட்டமும் வெளியே போகிற கூட்டமும் ஒரே வானத்தில், ஒரே நேரத்தில். சிக்னல் இல்லை, ஹாரன் இல்லை. மோதல் என்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

பகல் பதினோரு மணி வெயிலில் பார்த்தால் இன்னொரு காட்சி. தரை சூடாகி மேலே எழும் காற்றில் நாரைகளும் கூழைக்கடாக்களும் வட்டமடித்து உயரே ஏறும். ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் பறவை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறதோ, புதிதாக வந்து சேரும் பறவையும் பெரும்பாலும் அதே பக்கமாகத்தான் சுற்றும். அது வேறு இனமாக இருந்தாலும் சரி. காற்றுத் தூணின் இந்தச் சட்டம், கிளைடர் விமானம் ஓட்டுகிற மனிதர்களுக்கும் பொருந்தும்.

பக்கத்துப் பறவையைப் பார், போதும்

இதற்கெல்லாம் ஒரு தலைவர் வேண்டாம் என்பதை முதலில் காட்டியவர் ஒரு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்காரர். கிரெய்க் ரெனால்ட்ஸ் என்கிற அமெரிக்கர் 1987-ல் திரையில் பறவைக் கூட்டத்தைப் பறக்கவிட்டார். ஒவ்வொரு பறவைக்கும் அவர் கொடுத்த விதிகள் மூன்றே மூன்று. பக்கத்தில் இருப்பவரை இடிக்காதே. பக்கத்தில் இருப்பவர் போகிற திசையில் போ. கூட்டத்தை விட்டு ரொம்ப விலகாதே. அவ்வளவுதான், திரையில் நிஜமான கூட்டம் பறந்தது. 1992-ல் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் வெளவால் கூட்டமும் பென்குயின் கூட்டமும் இந்த வழியில்தான் உருவாயின.

1995-ல் ஹங்கேரி இயற்பியலாளர் தாமஸ் விச்செக்கும் குழுவினரும் இதை இன்னும் சுருக்கினார்கள். பறவை, மீன், எறும்பு என்ற பேரெல்லாம் வேண்டாம், ‘தானே நகரும் துகள்’ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றியுள்ள துகள்களின் சராசரித் திசையில் போக முயலும். கொஞ்சம் தடுமாறவும் செய்யும். கூட்டம் அடர்த்தியானாலோ தடுமாற்றம் குறைந்தாலோ, ஒரு கட்டத்தில் தாறுமாறாகத் திரிந்தவை எல்லாம் திடீரென்று ஒரே திசையில் திரும்பிவிடுகின்றன. தண்ணீர் உறைந்து ஐஸ் ஆவது மாதிரி ஒரு மாற்றம்.

நிஜப் பறவை எத்தனை பேரைப் பார்க்கிறது? ரோம் நகரத்தில் மாலை நேரத்தில் புகை மாதிரி சுழலும் ஸ்டார்லிங் பறவைக் கூட்டங்களைப் பல கேமராக்களால் படம்பிடித்து ஒரு குழு ஆராய்ந்தது. 2021-ல் நோபல் பரிசு வாங்கிய ஜியார்ஜியோ பரீஸி அந்தக் குழுவில் இருந்தவர். 2008-ல் வெளியான முடிவு: ஒரு பறவை தன்னைச் சுற்றி ஆறு ஏழு பறவைகளை மட்டும்தான் கவனிக்கிறது. அவை பக்கத்தில் இருந்தாலும் தள்ளி இருந்தாலும், கணக்கு ஆறு ஏழுதான். பத்தாயிரம் பறவைகளின் நடனத்தில் ஒவ்வொன்றுக்கும் உலகம் அந்த ஏழு பேர். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்!

சரி, எதிரே வருகிறவரை என்ன செய்வது? இதற்குப் பதில் உங்கள் வீட்டு பால்கனிக் கூண்டிலேயே இருக்கலாம். நாம் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று வாங்கி வளர்க்கும் பட்ஜெரிகர் கிளிகளை, பெங்களூரில் படித்து ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மண்டயம் சீனிவாசனின் குழு ஆராய்ந்தது. ஒரு சுரங்கம் போன்ற கூடத்தில் இரண்டு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு கிளியைப் பறக்கவிட்டார்கள். நூறு தடவைக்கு மேல் பறந்தும் ஒரு மோதல்கூட இல்லை. நெருங்கும்போது பெரும்பாலும் இரண்டுமே தங்கள் வலப்பக்கம் ஒதுங்கின. ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே போயின. 2016-ல் வெளியான ஆய்வு இது. கிளிக்கு ‘கீப் ரைட்’. நமக்கு ‘கீப் லெஃப்ட்’. எந்தப் பக்கம் என்பது முக்கியமில்லை, எல்லாருக்கும் ஒரே பக்கமாக இருந்தால் போதும். ஒன்-வேயில் எதிரே வருகிற பைக்காரர்களிடம் இதை யார் சொல்வது?

பித்தளைக் குச்சிகளின் ஊர்வலம்

மேலே சொன்னவற்றில் எல்லாமே ஒரே ரகம். ஸ்டார்லிங் என்றால் எல்லாம் ஸ்டார்லிங். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் போகும் திசையே இல்லையென்றால்?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். நிதின் குமார், ஹர்ஷ் சோனி, ஸ்ரீராம் ராமசுவாமி, அஜய் கே. சூட் ஆகிய நால்வர். (சூட் பின்னாளில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் ஆனவர்.) ஒரு தட்டு, அதை மேலும் கீழும் அதிரவைத்தார்கள். தட்டில் அரிசிமணி அளவுக்குச் சின்னச் சின்னப் பித்தளைக் குச்சிகள். ஒரு முனை தடிமன், ஒரு முனை ஒல்லி. இந்த வடிவத்தால் தட்டு அதிரும்போது குச்சி தானாக ஒரு பக்கமாக ஓடும். கூடவே ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய அலுமினிய மணிகளைக் கொட்டினார்கள். மணி உருண்டை என்பதால் அதற்கென்று போகும் திசை கிடையாது, அங்கேயே குதித்துக்கொண்டிருக்கும்.

குச்சிகள் கொஞ்சம்தான், ஒன்றுக்கொன்று தொட்டுக்கொள்ளாத தூரம். மணிகள் குறைவாக இருந்தபோது ஒவ்வொரு குச்சியும் தன் போக்கில் சுற்றியது. மணிகளைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு கட்டத்தில் குச்சிகள் எல்லாம் ஒரே திசையில் திரும்பி, தட்டைச் சுற்றி ஊர்வலம் போக ஆரம்பித்தன. மணிகளையும் இழுத்துக்கொண்டு! குச்சி மணியைத் தள்ளுகிறது, தள்ளப்பட்ட மணிக்கூட்டம் தூரத்துக் குச்சியைத் திருப்புகிறது. போக்கிடம் இல்லாத மணிகள்தான் சேதி கொண்டுபோகும் தூதர்கள். 2014-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த இந்த ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. திருவிழாத் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் கொஞ்சம் பேர், கூட்டத்தோடு நகர்கிறவர்கள் நிறையப் பேர் என்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

காட்டிலும் இப்படிச் சில ‘குச்சிகள்’ உண்டு. இலங்கையின் சிங்கராஜ வனத்தில் பேராசிரியர் சரத் கொட்டகமவும் ஈபன் குட்டேலும் கலப்புப் பறவைக் கூட்டங்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பத்துக்கும் மேற்பட்ட இனங்கள். எல்லாம் சேர்ந்து இரை தேடிக்கொண்டே நகரும். அந்தக் கூட்டத்தைக் கூட்டிச் சேர்ப்பதில் துடுப்புவால் கரிச்சானுக்குப் பெரிய பங்கு. மற்ற பறவைகளின் குரலில் மிமிக்ரி செய்தே அது ஆள் சேர்க்கிறது என்று 2006-ல் எழுதினார்கள். கழுகு வந்தால் முதலில் கத்துவதும் அதுதான். அதற்குக் கூலியாக, மற்றவை கிளப்பிவிடும் பூச்சியை அது லபக்.

ஆனால் இந்தக் கூட்டத்தில் சேர ஒரு கட்டணம் உண்டு. மெதுவாக மேய்கிற பறவை கொஞ்சம் எட்டி நடை போட வேண்டும். வேகமான பறவை கொஞ்சம் பொறுக்க வேண்டும். தன் வேகத்தை விட்டுக்கொடுக்காத பறவை கூட்டத்தில் நீடிக்க முடியாது. கடலிலும் இதே கதை. மீனின் நீச்சல் வேகம் பெரும்பாலும் அதன் நீளத்தைப் பொறுத்தது. அதனால் கலந்து நீந்தத் தொடங்கிய மீன்கள்கூட நேரம் போகப் போக ஒரே அளவு மீன்களாகப் பிரிந்துவிடும். ஆபத்து வரும்போது இந்தப் பிரிதல் இன்னும் வேகமாக நடக்கும். கூட்டத்தில் வித்தியாசமாகத் தெரிகிற மீனைத்தான் வேட்டையாடும் மீன் குறிவைக்கும்.

நிறம், உடம்பு, இனம் வேறாக இருப்பது கலப்புக் கூட்டத்துக்கு ஒரு பிரச்னையே இல்லை. வேகம் வேறாக இருப்பதுதான் பிரச்னை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இப்போது ஏரியை விட்டு ரோட்டுக்கு வருவோம்.

ஒரு மாட்டுவண்டி எட்டு கார்

பொங்கல் லீவு முடிந்த ஞாயிறு இரவு. தெற்கே ஊருக்குப் போன சென்னைக்காரர்கள் மொத்தப் பேரும் திரும்புகிறார்கள். பரனூர் டோல்கேட்டுக்கு முன்னால் ஆம்னி பஸ், அரசு பஸ், கார், லாரி, வேன், மனைவி குழந்தைகளோடும் மடியில் கரும்போடும் ஒரு பைக். டோல்கேட் தேங்குவதற்குக் காரணம் தெரிகிறது. ஆனால் டோல்கேட்டும் இல்லாத, விபத்தும் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காதது போல் வண்டிகள் நகர்வதைப் பார்த்திருப்பீர்களே?

ஜப்பானில் 2008-ல் இதைச் சோதித்தார்கள். 230 மீட்டர் சுற்றளவில் ஒரு வட்டப் பாதை, அதில் 22 கார்கள். எல்லாரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள், அவ்வளவுதான் உத்தரவு. கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சுற்றினார்கள். யாரோ ஒருவர் லேசாக பிரேக்கைத் தொட, பின்னால் இருப்பவர் கொஞ்சம் கூடுதலாக, அவருக்குப் பின்னால் இருப்பவர் இன்னும் கூடுதலாக... சீக்கிரமே ஒரு இடத்தில் கார்கள் முழுசாக நின்றன. அந்த நெரிசல் ஓர் அலையாகப் பின்பக்கமாக ஓடியது, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில். காரணகர்த்தா என்று யாரையும் கைகாட்ட முடியாத ஜாம்.

அதில் எல்லாமே கார். நம் ரோட்டில்? 

நம் ரோட்டை அளக்க என்ஜினீயர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லா வண்டியையும் காராக மாற்றுவது. இண்டியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி இல்லை, சாலை விதிகள் வகுக்கும் அமைப்பு) 1990-ல் ஊரகச் சாலைகளுக்கு வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். ஒரு பைக் அரை கார். ஒரு ஆட்டோ ஒரு கார். பஸ்ஸும் லாரியும் மூன்று கார். கைவண்டியும் மூன்று கார்தான்! மாட்டுவண்டி எட்டு கார்.

மாட்டுவண்டி பஸ்ஸைவிடவா பெரிசு? இல்லை. ஆனால் அது மெதுவாகப் போவதால் பின்னால் வருகிற எல்லாரும் வேகத்தைக் குறைத்து, ஒதுங்கி, முந்தி, திரும்பி உள்ளே வர வேண்டியிருக்கிறது. அது அடைத்துக்கொள்ளும் இடம் அதன் உடம்பு மட்டுமில்லை; வேக வித்தியாசமும் சேர்த்து. சிங்கராஜ வனத்துப் பறவைகளும் கடல் மீன்களும் சொன்னதை ரோடு என்ஜினீயர்கள் ஒரு அட்டவணையில் போட்டுவைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டு மென்பொருள்கள் லேன் பிரித்து வரிசையாகப் போகும் கார்களுக்காக எழுதப்பட்டவை. நம்மிடம் லேன் என்பது பெயின்ட் அடித்த அலங்காரம். அதனால் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் வி.தமிழரசனும் அவருடைய மாணவர்களும் வேறு வழியில் போனார்கள். ரோட்டின் முழு அகலத்தையும் ஒரே பரப்பாக எடுத்துக்கொண்டு, பல அளவு, பல வேக வண்டிகள் கிடைத்த இடைவெளியில் நுழைந்து போவதைக் கம்ப்யூட்டரில் உருவாக்கினார்கள். நாம் ‘கேப்பில் ஆட்டோ ஓட்டுவது’ அங்கே கணித மாடல் ஆகிவிட்டது.

அந்த கேப் விஷயத்தில் நாம் உலகத்தோடு ஒட்டாதவர்கள் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஐ.ஐ.டி. கான்பூரைச் சேர்ந்த உஜ்ஜல் சட்டராஜ், பார்த்த சக்ரபோர்த்தி இருவரும் ஜெர்மனியின் ஆர்மின் சைஃப்ரீடும் சேர்ந்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒற்றை வரிசையாக இந்தியர்களையும் ஜெர்மானியர்களையும் தனித்தனியே நடக்கவிட்டார்கள். ஆட்களைக் கூட்டக் கூட்ட ஜெர்மானியர்கள் சட்டென்று வேகத்தைக் குறைத்தார்கள். நம்மவர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. முன்னால் போகிறவரின் முதுகுக்கு மிக நெருக்கத்திலும் நடையைக் கட்டினார்கள். தர்ம தரிசன க்யூவில் நின்று பழகிய கால்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

நடக்கிற வேகத்தில் இது ஒரு திறமை. மெதுவாக ஊர்கிற டிராஃபிக்கிலும் திறமைதான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். பஸ், ஷேர் ஆட்டோ, ஸ்கூட்டி, பூக்கூடை, ஸ்கூல் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வருகின்றன. வெளிநாட்டுக்காரர் மயங்கி விழுந்துவிடுவார். ஆனால் எல்லாருமே ஏறக்குறைய ஒரே வேகம். பக்கத்து ஆறு ஏழு பேரைப் பார்த்தால் போதும், வேடந்தாங்கல் மாதிரியே நடந்துவிடுகிறது.

தென்னிந்தியாவில் காணப்படும் ஒரு வேட்டை எறும்பின் பாதையை ஐ.ஐ.டி. கான்பூரின் தேபாசிஷ் சௌத்ரியும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் இதே 2009-ல் அளந்து பார்த்தார்கள். எறும்புகள் எவ்வளவு நெருங்கினாலும் வேகம் குறையவில்லை. ஜாம் என்பதே வரவில்லை. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் போயின. முக்கியமாக, ஒன்று இன்னொன்றை ஓவர்டேக் செய்யவில்லை.

நூறில் போகிறவரும் கூடையோடு நடக்கிறவரும்

இப்போது ஈ.சி.ஆர். கோவளம் தொடங்கி மாமல்லபுரம், கல்பாக்கம் வரை கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவில் வரிசையாக மீனவ ஊர்கள். பஸ் ஸ்டாப் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும், பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் பல ஊர்களில் அப்படித்தான். விடிகாலையில் மீன் கூடையோடு ரோட்டைக் கடக்கும் அம்மாவின் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். மீன்பெட்டி கட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். 40. பாண்டிச்சேரிக்கு வீக் எண்ட் போகிற கார் 100, சில நேரம் அதற்கும் மேலே. எல்லாருக்கும் அதே ரோடுதான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இருந்த அதே கலவைதான். மாறியது வேகங்களின் இடைவெளி மட்டும்.

ஒரு சின்னக் கணக்கு. முன்னால் 30-ல் ஒரு பஸ், பின்னால் 35-ல் ஒரு பைக், நடுவில் 50 மீட்டர் என்றால், பைக் பஸ்ஸை எட்ட அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். யோசிக்க, விலக, திட்டக்கூட நேரம் இருக்கிறது. முன்னால் 40-ல் டி.வி.எஸ்., பின்னால் 100-ல் கார் என்றால் அதே 50 மீட்டர் மூன்று விநாடியில் தீர்ந்துவிடும். காரோட்டி பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி போய்விடும். அந்த ஒரு விநாடியில் கார் 28 மீட்டர் ஓடியிருக்கும். நம்முடைய ‘கேப்பில் நுழையும்’ பழக்கத்தை இந்த வேகத்துக்கு எடுத்துக்கொண்டு போவதுதான் விபரீதம்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884. நாடு முழுவதும் இறந்தவர்களில் 44.5 சதவிகிதம் பேர் டூவீலரில் போனவர்கள், 19.5 சதவிகிதம் பேர் நடந்துபோனவர்கள். பத்தில் ஏழு பங்குக்கு மேலான சாவுகளுக்கு அதிவேகம் காரணம் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. ஒரு சாலையின் சராசரி வேகம் ஒரு சதவிகிதம் கூடினால் உயிரைக் குடிக்கும் விபத்துக்கான ஆபத்து நான்கு சதவிகிதம் கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நடந்துபோகிறவரை 50 கிலோமீட்டரில் மோதும் கார், 65-ல் மோதினால் அவர் இறப்பதற்கான வாய்ப்பு நாலரை மடங்கு.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஈ.சி.ஆர். நாலு வழியாக அகலமாகிக்கொண்டிருக்கிறது. ரோடு அகலமானால் கார் வேகம் கூடும். கூடையோடு நடக்கும் அம்மாவின் வேகம் அதே நாலுதான். அவர் கடக்க வேண்டிய தூரம் மட்டும் இரண்டு மடங்கு. சுரங்க நடைபாதையும், ஊர் வண்டிகளுக்குத் தனி சர்வீஸ் ரோடும் ஊருக்கு ஊர் கட்டினால், கலவையைப் பிரித்துவிடலாம். கட்டாத ஊர்களில், கலவை இருக்கத்தான் போகிறது என்றால் வேகத்தை ஒன்றாக்க வேண்டும். ஊர் எல்லையில் வேகத்தடை வந்தால் காரில் போகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு என்னவோ, மொத்த ஈ.சி.ஆரிலும் இயற்பியல் தெரிந்தவர் போட்டது அந்த வேகத்தடைதான் என்று தோன்றுகிறது.

ஒருவர் ஒழுங்காக ஓட்டினால் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜப்பானின் அதே வட்டப் பாதைச் சோதனையை 2018-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் இன்னொரு குழு மாற்றிச் செய்து வெளியிட்டது. இருபதுக்கும் மேற்பட்ட கார்களில் ஒன்றே ஒன்றைக் கம்ப்யூட்டர் ஓட்டியது. முன்னால் இடைவெளி விட்டு, சீரான வேகத்தில். அவ்வளவுதான், நின்று நின்று கிளம்பும் அலை அடங்கிப்போனது. மற்ற எல்லாரும் பழைய மாதிரியே ஓட்டிய சாதாரண மனிதர்கள். ஒரு பித்தளைக் குச்சி, மீதி மணிகள்.

இதை ஜி.எஸ்.டி. ரோட்டில் செய்தால், நீங்கள் விட்ட இடைவெளியில் நாலு பைக் நுழையும், ஒரு ஷேர் ஆட்டோ தலையை நீட்டும். நுழையட்டும், மறுபடி கொஞ்சம் இடைவெளி விடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். அவருக்குப் பின்னால் வரும் முப்பது வண்டிகள் பிரேக்கைத் தொடாமல் வருகின்றன, அது அவருக்குத் தெரியாது.

வேடந்தாங்கல் சீசன் நவம்பரிலிருந்து மார்ச் வரை. மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பிய வருடம் என்றால் கூட்டம் அள்ளும். சென்னையிலிருந்து செங்கல்பட்டு தாண்டி, படாளம் கூட்டு ரோட்டில் வலது பக்கம் திரும்ப வேண்டும். பைனாகுலர் இருந்தால் எடுத்துப்போங்கள். காலையில் போகிறவர்கள் அதிகம், ஆனால் நான் சாயங்காலத்தைத்தான் சொல்வேன். ஐந்து மணிக்கு மேல் கரையில் நின்று, முதல் வக்கா எப்போது கிளம்புகிறது என்று பாருங்கள். ‘க்வாக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே வரும் கொக்குக் கூட்டம் லேசாக வளைந்து அதற்கு வழி விடும்.

திரும்பும்போது இருட்டியிருக்கும். படாளத்தில் மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் நிதானம்.